கொடுக்கும் மாதமும் தேவைப்படும் மாதமும்

2025 ஆகஸ்ட் 16, சனிக்கிழமை. மும்பையில் அன்று தஹி ஹண்டி. தெருவுக்குத் தெரு உயரத்தில் தயிர்ப்பானை கட்டி, ஒலிபெருக்கி வைத்து, ஏறி உடைக்க வரும் கோவிந்தா குழுக்களுக்குப் பரிசுத்தொகை அறிவித்திருந்தார்கள். அன்று பொழுது விடியுமுன், கொட்டும் மழையில், விக்ரோலி பார்க்சைட் வர்ஷா நகரில் குன்றுச் சரிவிலிருந்து மண்ணும் கல்லும் பெயர்ந்து ஒரு வீட்டின்மேல் விழுந்தன. ஒரே குடும்பத்தில் இருவர் இறந்தார்கள். இருவர் காயத்தோடு பிழைத்தார்கள். இதே விக்ரோலியில் 2021 ஜூலை 18, ஞாயிறு அதிகாலையில் சூர்யா நகரில் வீடுகள் சரிந்தன. அதே இரவில் செம்பூர் பாரத் நகரில் சுவர் இடிந்து குடிசைகளை மூடியது. இரண்டு இடங்களிலும் சேர்த்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். இன்னும் பின்னே போனால், பக்கத்துக் காட்கோபரின் ஆசாத் நகரில் 2000 ஜூலை 12 அன்று குன்று சரிந்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

ஒவ்வொரு முறையும் மறுநாளே உதவி வந்துவிடுகிறது. போர்வை வரும், சாப்பாட்டுப் பொட்டலம் வரும், பால் பவுடர் வரும், பழைய துணி மூட்டை மூட்டையாக வரும். இந்த நகரத்துக்காரர்களுக்கு இரக்கம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, முகம் தெரியாதவர்களைக் கூப்பிட்டு வீட்டுக்குள் படுக்கவைத்த ஊர் இது. ஆனால், அந்த உதவி ஒரு வாரத்தில் வடிந்துவிடும். சில வாரங்களில் விநாயகர் வந்துவிடுவார். ரசீதுப் புத்தகமும் வந்துவிடும்.

மும்பையில் பணம் திரட்டுவதற்கு ஒரு காலண்டர் உண்டு. ஆவணியில் கணபதிக்கு வர்கணி என்னும் நன்கொடை வசூல். அது முடிந்தால் நவராத்திரி. பிறகு தீபாவளி. கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பூஜையும் அன்னதானமும். தையில் பொங்கல் விழா. தாராவி தொண்ணூறு அடி சாலையில் பெண்கள் வரிசையாகப் பானை வைத்துப் பொங்கலிடுவதை நாளிதழ்கள் ஆண்டுதோறும் படம் பிடித்துப் போடுகின்றன. பொங்கலோடு கொடுக்கிற கையும் ஓய்ந்துவிடுகிறது. மாசியிலிருந்து ஆடி வரை கதவைத் தட்ட ஆளில்லை. மே மாதத்தில் கையிருப்பெல்லாம் ஊருக்குப் போகும் ரயில் டிக்கெட்டுக்கும், ஊரில் கோயில் கொடைக்கும், உறவுக்காரர் கல்யாணத்துக்கும் போய்விடுகிறது.

ஏழை வீட்டின் காலண்டர் வேறு. அந்த வீட்டில் நெருக்கடி தொடங்குவதே மே கடைசி வாரத்தில்தான். மழைக்கு முன் கூரையை மூட வேண்டும். ஜூன் 15-ஐ ஒட்டிப் பள்ளி திறந்துவிடும். மருத்துவமனையில் படுத்திருப்பவருக்கு ரத்தம் கிடைக்கத் திண்டாட்டமாக இருப்பதும் இதே மே மாதத்தில்தான். இந்த மூன்றும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும்போது, நம் மும்பைத் தமிழர் சங்கங்களின் கல்லா காலியாக இருக்கிறது. நாம் கொடுப்பது போதவில்லை என்பதல்ல என் வருத்தம். நாம் கொடுக்கிற மாதம் தவறிக் கிடக்கிறது.

விக்ரோலியைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கிழக்கே தாணே கழிமுகமும் அலையாத்திக் காடும். அந்தப் பக்கத்து நிலத்தை 1940களில் கோத்ரெஜ் குடும்பம் வாங்கி, தொழிற்சாலையும் பிரோஜ்ஷா நகரும் எழுப்பியது. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்கான வாக்குப்பெட்டிகளில் பல லட்சம் அங்கே செய்யப்பட்டவைதான். கன்னம்வார் நகரும் டாகோர் நகரும் வீட்டு வசதி வாரியம் கட்டிய காலனிகள். ரயில் பாதையைத் தாண்டி மேற்கே, லால் பகதூர் சாஸ்திரி சாலைக்கு அப்பால், தரை மெல்ல ஏறிக் குன்றாகிறது. பார்க்சைட்டும் சூர்யா நகரும் அங்கேதான். விக்ரோலியின் பெரும்பகுதியும் பாண்டுப்பும் பவாயும் அடங்கிய மாநகராட்சியின் எஸ் வார்டில்தான் மும்பையிலேயே நிலச்சரிவு அபாய இடங்கள் மிக அதிகம். கீழே உள்ள அடுக்குமாடிகளில் சமைக்கிறவர்கள், துடைக்கிறவர்கள், காவல் நிற்கிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள் மேலே சரிவில் குடியிருக்கிறார்கள். அவர்களில் மராத்தியர் உண்டு, வடநாட்டவர் உண்டு, நம்மவர்களும் உண்டு.

ஆண்டுதோறும் மழைக்கு முன்னால் மாநகராட்சி அந்தச் சரிவு வீடுகளுக்கு நோட்டீஸ் கொடுக்கிறது. இடம் ஆபத்தானது, பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள் என்பது சாரம். எந்த இடத்துக்கு என்பதற்கு அந்தக் காகிதத்தில் பதில் கிடையாது. கீழே சால் என்னும் வரிசைக் குடியிருப்பில் ஓர் அறைக்கே டெபாசிட் கேட்பார்கள், மாத வாடகை பல ஆயிரம், ஏஜெண்டுக்குத் தரகாக ஒரு மாத வாடகை. நாலு மாத மழைக்காக இதையெல்லாம் யாரால் தர முடியும்? ஆகவே, நோட்டீஸை மடித்து ரேஷன் கார்டோடு வைத்துவிட்டு, அங்கேயே இருந்துவிடுகிறார்கள்.

மே கடைசியில் பார்க்சைட்டின் எந்தச் சந்தில் ஏறினாலும் கூரைமேல் ஆள் நிற்பது தெரியும். போன வருடத்து நீலத் தார்ப்பாயை உதறி விரித்து, சூரியனுக்கு எதிரே தூக்கிப் பிடித்து ஓட்டை எண்ணுவார்கள். வெயிலில் நொறுங்கிப் போயிருந்தால் மடித்து இரண்டாகப் போடுவார்கள். புதிது வாங்க வழி இருந்தால் சிமெண்ட் தகட்டின்மேல் அதை இழுத்து மூடி, நாலு மூலையிலும் நைலான் கயிறு கட்டி, காற்று தூக்காமலிருக்கப் பழைய டயரும் செங்கல்லும் வைப்பார்கள். ஆணிகள் துருவேறிய இடத்தில் தாரோ சிமெண்ட்டோ பூசுவார்கள். ஆள் வைத்தால் கூலி தனி. வீட்டில் ஆண் துணை இல்லாத கிழவிக்கு அந்தக் கூலிதான் தார்ப்பாய் விலையைவிடப் பெரிய கவலை. மழை நெருங்க நெருங்கத் தார்ப்பாய் விலையும் ஏறும். கட்டித்தருகிற ஆளும் கிடைக்க மாட்டார். மும்பைக்குப் பருவமழை வரும் நாளாக வானிலைத் துறை சொல்வது ஜூன் 11. அதற்கு ஒரு மாதம் முன்பே, விலை ஏறுமுன், மொத்தமாக நூறு தார்ப்பாய் வாங்கி, கட்டித்தருவதற்குப் பத்து இளைஞர்களையும் அனுப்புகிற சங்கம் ஒன்று வேண்டும். ஜூலையில் தரும் போர்வையைவிட மேயில் தரும் கூரை மேல்.

இதைவிடச் செலவு குறைந்த ஓர் உதவி இருக்கிறது. வீடு சரிந்தால் உயிர் பிழைத்தவர் அடுத்து இழப்பது காகிதங்களை. ஆதார், ரேஷன் கார்டு, குடிசைக்கான போட்டோ பாஸ், மின்கட்டண ரசீது, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ். 2021-இல் இறந்தவர்களின் குடும்பத்துக்கு மாநில அரசு ஐந்து லட்சம், பிரதமர் நிவாரண நிதியிலிருந்து இரண்டு லட்சம் என்று அறிவித்தார்கள். நிவாரணமானாலும் மாற்று வீடானாலும், அதைப் பெற வேண்டியவர் தான் யார், அந்த இடத்தில் எந்த ஆண்டிலிருந்து இருக்கிறார் என்பதைக் காகிதத்தால் நிறுவ வேண்டும். மகாராஷ்டிரத்தில் குடிசைவாசிகளின் உரிமை 2000 ஜனவரி 1-க்கு முன் குடியிருந்தாரா என்ற கேள்வியைச் சுற்றியே பல காலமாக இருக்கிறது. ஒரு ஸ்கேனரோடு, கணினி தெரிந்த இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தின் முனையில் உட்கார்ந்தால் ஐம்பது குடும்பத்தின் காகிதங்களைப் பத்திரப்படுத்திவிடலாம். இதற்கு மேடை தேவையில்லை.

அடுத்து வாடகை. ஒரு மண்டல், அதாவது ஒரு விழாக்குழு, ஒரு குடும்பத்தை ஜூன் முதல் செப்டம்பர் வரை கீழே ஓர் அறையில் வைக்க முன்வந்தால், அந்த நோட்டீஸுக்கு முதன்முறையாக ஒரு பொருள் கிடைக்கும். எல்லாக் குடும்பத்துக்கும் முடியாது. சரிவின் ஓரத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும் ஐந்தாறு வீடுகளுக்கு, அதிலும் கைக்குழந்தையும் படுக்கையில் கிடக்கும் முதியவரும் உள்ள வீடுகளுக்கு முடியும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். அது நியாயமான மறுப்பும்கூட. தாங்குசுவர் கட்டுவதும், ஆபத்தான சரிவில் இருப்பவர்களுக்கு மாற்று வீடு தருவதும் அரசின் வேலை. அதைத் தெருக்காரர்கள் தலையில் ஏற்றலாமா? ஏற்றக் கூடாது. தார்ப்பாய் மலையை நிறுத்தாது என்பது சரிவில் இருப்பவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். ஆனால், ஓட்டு கேட்டு வருகிறவர்கள் மாலை போட்டுக்கொள்ள முதலில் ஏறுகிற மேடை நம் விழா மேடைதான். வார்டு அலுவலகத்தில் தனி ஆளாகப் போய் நிற்பவரிடம் நாளை வா என்பார்கள். மண்டலின் தலைவரும் செயலாளரும் ஐம்பது பேரோடு போனால் நாற்காலி போட்டுக் கேட்பார்கள். மாற்று வீட்டுக்கான கோரிக்கையை மே மாதத்திலேயே கையெழுத்துகளோடு கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைப்பதும் தர்மம்தான். விழாக்குழுவின் செல்வாக்கு நன்கொடையைவிட மதிப்பு மிக்கது. அதை வருடத்தில் பத்து நாளுக்கு மட்டும் செலவழிக்கிறோம்.

செல்வாக்கை மட்டுமல்ல, பொருளையும் அப்படியே வைத்திருக்கிறோம். மண்டலின் அறையைத் திறந்து பார்த்தால் என்ன இருக்கும்? ஐநூறு பேருக்குச் சமைக்கும் அண்டா, கரண்டி, கேஸ் அடுப்பு, மைக் செட், நீளக் கயிறு, மடக்கு நாற்காலி, டார்ச் விளக்கு, சிலரிடம் ஜெனரேட்டரும். இரவு இரண்டு மணிக்கு மலைச் சந்தில் மண் சரிந்தால் கேட்கிற பொருள்களும் இவைதான். சூர்யா நகரிலும் வர்ஷா நகரிலும் சரிவு நடந்தது விடியுமுன். ஜேசிபி ஏற முடியாத சந்தில் முதல் ஒரு மணி நேரம் பக்கத்து வீட்டுக்காரர்களின் கைதான் மண்ணை அள்ளும். மாநகராட்சியின் பேரிடர் மேலாண்மைத் துறை தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தருகிறது. அதன் கட்டுப்பாட்டு அறைக்கு 1916 என்று அழைத்தால் போதும். கணபதிக்கு இரவெல்லாம் கண்விழிக்கும் இளைஞர்கள், கனமழைக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுத்த இரவுகளில் முறைவைத்துக் கண்விழித்தால், அந்த அறையின் சாவி பயிற்சி பெற்ற ஒருவரிடம் இருந்தால், ஒன்றிரண்டு உயிராவது மிஞ்சும்.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். நோட்டுப் புத்தகம் வழங்கும் விழா மும்பைத் தமிழ்ப் பகுதிகளில் மிகப் பிரியமான விழா. பெரும்பாலும் அது ஆகஸ்ட் 15-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ, சிறப்பு விருந்தினரின் தேதி கிடைத்த நாளில் நடக்கும். பள்ளி திறந்து அதற்குள் இரண்டு மாதம் ஓடியிருக்கும். அப்பாவோ அம்மாவோ கடன் வாங்கி நோட்டு வாங்கிக் கொடுத்திருப்பார்கள். இல்லாவிட்டால் பிள்ளை ஒரே நோட்டில் நாலு பாடத்தை எழுதியிருக்கும். மாநகராட்சிப் பள்ளிகள் தமிழ் உட்பட எட்டு மொழிகளில் நடக்கின்றன. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்குச் சீருடை, பை, காலணி என்று 27 பொருள்களை மாநகராட்சி இலவசமாகத் தருகிறது. அவை வந்து சேரத் தாமதமான ஆண்டுகள் உண்டு. குறைந்த கட்டணத் தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கோ அதுவும் கிடையாது. மழைக்கோட்டு ஜூன் 15-க்கு வேண்டும். ஆகஸ்டில் தரும் மழைக்கோட்டில் பாதி மழை போய்விடுகிறது.

பாராட்டு விழாக்களும் அப்படித்தான். பத்தாம் வகுப்பில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் எடுத்த பிள்ளைக்குக் கேடயம், சால்வை, புகைப்படம். அந்தப் பிள்ளையைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால், அதே தெருவில் கணக்கிலும் ஆங்கிலத்திலும் தவறிய பையன் ஒருவன் இருப்பான். மகாராஷ்டிரத் தேர்வு வாரியம் தவறியவர்களுக்கு ஜூன், ஜூலை வாக்கில் துணைத்தேர்வு வைக்கிறது. முடிவு வெளியான நாளிலிருந்து அந்தத் தேர்வு வரை அவனுக்குக் கிடைப்பது சில வாரங்கள். அந்தச் சில வாரங்களில் தினம் இரண்டு மணி நேரம் கணக்குச் சொல்லித்தர ஒருவரும், தேர்வுக் கட்டணமும் கிடைத்தால் அவன் அந்த ஆண்டே மேலே போய்விடுவான். கிடைக்காவிட்டால் ஏதாவது கடையில் வேலைக்குச் சேர்ந்துவிடுவான். அதன்பின் திரும்புவது அபூர்வம். திரும்ப நினைப்பவர்களுக்கு மும்பையில் இரவுப் பள்ளிகள் இருக்கின்றன. பகலெல்லாம் வேலை செய்துவிட்டு வரும் அந்த மாணவர்களுக்குப் புத்தகமும் மாலைச் சிற்றுணவும் பயிற்சியும் கிடைக்க மாசூம் என்ற அமைப்பு 2008-இலிருந்து உழைத்து வருகிறது. கையில் கொஞ்சம் பணம் வைத்துக்கொண்டு எங்கே தருவது என்று யோசிப்பவர்கள் அந்தப் பக்கம் பார்க்கலாம்.

ரத்தத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒரு பெருமையையும் சொல்லியாக வேண்டும். தன்னார்வ ரத்ததானத்தில் நாட்டின் முன்வரிசையில் நிற்கும் மாநிலம் மகாராஷ்டிரம். அதில் மண்டல்களின் பங்கு பெரிது. சிக்கல், எல்லோரும் ஒரே சமயத்தில் முகாம் போடுவதில் இருக்கிறது. சுதந்திர தினம், கணபதி, தலைவர்கள் பிறந்தநாள். ரத்தம் தங்கமல்ல, பூட்டி வைக்க. பையில் எடுத்த ரத்தம் வழக்கமாக 35 நாள் தாங்கும். அதிலிருந்து பிரித்த தட்டணுக்களுக்கு ஐந்தே நாள். அதுவும் விடாமல் அசைத்துக்கொண்டே வைத்திருக்க வேண்டும். ஆகஸ்ட் முகாமில் கொடுத்த தட்டணு, மழை ஓய்ந்தபின் அக்டோபரில் டெங்குவில் படுப்பவருக்குக்கூட எட்டாது. மே மாதத்துக்கு எப்படி எட்டும்?

மேயில் கல்லூரிகள் மூடிக் கிடக்கும். அலுவலகங்களில் பாதிப்பேர் விடுப்பில். நம் குடும்பங்கள் தாதர்–திருநெல்வேலி வண்டியிலும் நாகர்கோவில் வண்டியிலும் தொற்றிக்கொண்டு போய்விடுகின்றன. ரத்த மையங்களின் கையிருப்பு சரிவது ஆண்டுதோறும் இதே காலத்தில்தான். தீபாவளி விடுமுறையில் மறுபடி ஒருமுறை. ஆனால், தலசீமியா உள்ள குழந்தைக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியே ஆக வேண்டும். அதற்குக் கோடை விடுமுறை கிடையாது. பிரசவத்துக்கும் கிடையாது, விபத்துக்கும் கிடையாது. அப்போது உறவினரிடம், இரண்டு பேரைக் கூட்டி வாருங்கள் என்பார்கள். ஊரெல்லாம் காலியாக இருக்கும்போது யாரைக் கூட்டி வருவது?

இதற்குப் பெரிய முகாம் வேண்டாம், பந்தல் வேண்டாம், பரிசாகப் பையோ தண்ணீர்ப் புட்டியோ வேண்டாம். பதினெட்டு வயது நிறைந்து, நாற்பத்தைந்து கிலோவுக்குக் குறையாமல், உடம்பு நன்றாக இருக்கிற ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். டாகோர் நகரிலிருந்து காட்கோபர் ராஜாவாடி மருத்துவமனைக்கோ சயான் மருத்துவமனைக்கோ மே மாதத்தில் வாரம் பத்துப் பேராகப் போனால் போதும். எந்த ரத்த மையத்தில் எந்த வகை எவ்வளவு இருக்கிறது என்பதை இ-ரக்தகோஷ் இணையதளத்தில் பார்த்துவிட்டே போகலாம். ஊருக்குப் போகிறவர்கள் வண்டி ஏறும் வாரத்துக்கு முந்தைய வாரம் கொடுத்துவிட்டுப் போகலாம்.

திருவிழாவே வேண்டாம், அந்தப் பணத்தை இதற்குக் கொடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. விழா இல்லாவிட்டால் இந்தத் தெருக்காரர்கள் ஒருவரையொருவர் அறியவே மாட்டார்கள். 1893-இல் திலகர் கணபதியை வீட்டிலிருந்து வீதிக்குக் கொண்டுவந்ததும் ஆட்களைச் சேர்ப்பதற்குத்தான். ஆட்கள் சேர்ந்தபின் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. அதற்கு 2020-இல் லால்பாக் ஒரு பதில் சொன்னது. 1934-இலிருந்து விநாயகரை வைத்து வரும் லால்பாக்சா ராஜா மண்டல், கொரோனா ஆண்டில் சிலை வைக்காமல், அந்த நாட்களை ஆரோக்கிய உற்சவம் என்று பெயரிட்டு ரத்ததானத்துக்கும் பிளாஸ்மா தானத்துக்கும் ஒதுக்கியது. அந்த மண்டல் டயாலிசிஸ் மையமும் நடத்துகிறது. அவ்வளவு பெரிய உண்டியல் விக்ரோலித் தெருவில் கிடையாது என்பது உண்மை. ஆனால், விழாவுக்கு வந்த பணம் விழா முடிந்தபின்னும் வேலை செய்யலாம் என்பதற்கு உண்டியலின் அளவு தடையல்ல.

நம்மிடமே அதைவிடப் பழைய வழி ஒன்று உண்டு. மும்பைத் தமிழரில் நிறையப் பேர் திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையிலிருந்து வந்தவர்கள். ஊர்க்கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி என்று ஒன்று உண்டென்பது அவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பணக்காரனுக்கும் கூலிக்காரனுக்கும் ஒரே வரி; மும்பையில் இருந்தாலும் மஸ்கட்டில் இருந்தாலும் வரி போய்ச் சேர வேண்டும்; கொடை முடிந்ததும் ஊர்க்கூட்டத்தில் வரவு செலவை எல்லோர் முன்னும் வாசித்தாக வேண்டும். எண்ணெய் எவ்வளவு, பூ எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு, அது யார் கையில் என்பது வரை. விருதுநகரில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய சத்திரிய வித்யாசாலை வளர்ந்தது பிடியரிசியில். வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைத்தார்கள். அதைத் திரட்டி விற்றுப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். காமராசர் படித்தது அந்தப் பள்ளியில்தான். தாராவியில் அவர் பெயரில் பள்ளிக்கூடம் இருக்கிறது; அந்தப் பிடியரிசி வழக்கத்தையும் கூடவே கொண்டுவந்திருக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை ஆயிரத்தொரு ரூபாய் எழுதிப் பெயரை மைக்கில் சொல்லக் கேட்பதைவிட, மாதம் நூறு ரூபாயைச் சத்தமில்லாமல் ஒதுக்கினால் மேயில் கையில் காசு இருக்கும்.

கணக்கைப் பற்றிச் சொன்னேன். தர்மத்துக்குக் கேட்கும்போது கணக்குக் கேட்பது அநாகரிகம் என்று இங்கே ஓர் எண்ணம் ஊறியிருக்கிறது. அது போக வேண்டும். மகாராஷ்டிரப் பொது அறக்கட்டளைகள் சட்டம் 1950-இலிருந்து இருக்கிறது. பதிவு செய்யாத குழு அறப்பணியின் பெயரில் பணம் திரட்டுவதானால் சாரிட்டி கமிஷனரிடம் தெரிவித்துக் கணக்கும் காட்ட அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பதிவு பெற்ற அமைப்புக்கு 80ஜி சான்று இருந்தால், பழைய வரி முறையில் இருக்கும் கொடையாளருக்கு வருமான வரியில் சலுகை கிடைக்கும்; இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை இல்லை. எங்கள் பையன்தான் வசூலிக்கிறான், அவனிடம் போய் ரசீது கேட்பதா என்று தயங்கியே எத்தனையோ நல்ல முயற்சிகள் இரண்டாம் வருடத்தில் சண்டையாகி நின்றுவிட்டன. ரசீது கேட்பது அந்தப் பையனைக் காப்பாற்றுவதற்குத்தான்.

பணமே தேவைப்படாத ஓர் உதவியும் இருக்கிறது. அதை நம்மில் மிகச் சிலரே செய்கிறோம். 2006-இல் மும்பை உயர் நீதிமன்றம் ஏற்ற திட்டப்படி, அறக்கட்டளைகள் நடத்தும் மருத்துவமனைகள் படுக்கைகளில் பத்து விழுக்காட்டை வறியவர்களுக்கு இலவசமாகவும், இன்னொரு பத்து விழுக்காட்டை நலிந்தவர்களுக்குச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்க வேண்டும். மொத்த பில் தொகையில் இரண்டு விழுக்காட்டை ஏழை நோயாளிகள் நிதியாக வைக்க வேண்டும். மும்பையின் பெயர்பெற்ற பெரிய மருத்துவமனைகள் பலவும் இதற்குள் வரும். கண்ணாடிக் கதவைப் பார்த்ததும் நம்மவர்கள் திரும்பிவிடுகிறார்கள். உள்ளே போய் சமூகப்பணி அலுவலர் எங்கே என்று மராத்தியிலோ இந்தியிலோ கேட்டு, தாசில்தார் தரும் வருமானச் சான்றையும் ரேஷன் கார்டையும் காட்டி, படிவத்தை நிரப்பித் தரவும், இடமில்லை என்றால் அதை எழுதித் தாருங்கள் என்று கேட்கவும் கூட ஓர் ஆள் வேண்டும். ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்களும் ஆசிரியர்களும் நம் சங்கங்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். முப்பது வருடம் படிவத்தோடு வாழ்ந்தவர்கள் அவர்கள். வாரத்தில் ஒரு காலைப்பொழுதை அவர்கள் இதற்குத் தந்தால், ஒரு குடும்பம் தாலியை அடகு வைப்பது நிற்கும்.

1866-இல் பஞ்சம் வாட்டியபோது வள்ளலார் பண்டிகைக்காகக் காத்திருக்கவில்லை. மறுவருடம் மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். கோடையின் உச்சத்தில், பசி அதிகமாக இருந்த நேரத்தில் மூட்டிய அந்த அடுப்பு நாள் தவறாமல் எரிகிறது.

விக்ரோலியிலோ செம்பூரிலோ தாராவியிலோ உள்ள சங்கத்துக்கு நான் கேட்பது இதுதான். தைப்பொங்கல் கணக்கை வாசிக்கிற கூட்டத்திலேயே, மிச்சத்தில் ஒரு பங்கு மே மாதத்துக்கு என்று தீர்மானம் எழுதுங்கள். மார்ச்சில் மூன்று பேர் சரிவில் ஏறிப் பட்டியல் எடுக்கட்டும். அதில் தமிழர், மராத்தியர், வடநாட்டவர் என்று பார்க்க வேண்டாம், மண் பார்ப்பதில்லை. ஏப்ரலில் காகிதங்களை ஸ்கேன் செய்யுங்கள், தார்ப்பாய் வாங்குங்கள். மே முழுக்க ரத்தம். ஜூன் முதல் வாரத்தில் நோட்டும் மழைக்கோட்டும், வீட்டுக்கே கொண்டுபோய். மேடையும் சிறப்பு விருந்தினரும் வேண்டுமானால் ஆகஸ்டில், செய்து முடித்த கணக்கை வாசிப்பதற்கு இருக்கட்டும். அந்தப் பட்டியலில் முதல் பெயராக, நோட்டீஸ் வாங்கியும் போக இடமில்லாத குடும்பத்தை எழுதுங்கள்.